இல்லாத ஆடையின் சரித்திரம்

பட்டுக்கும் பருத்திக்கும் சரித்திரம் எழுதியவர்கள் பலர். ஆனால் எந்தத் தறியிலும் நெய்யப்படாமல், எவர் கண்ணுக்கும் புலப்படாமல், கண்டதாகச் சொன்னவர் அனைவராலும் வாய் ஓயாமல் மெச்சப்பட்ட ஓர் ஆடைக்கும் நீண்டதொரு சரித்திரம் உண்டு. அதைச் சிருஷ்டித்தவர் டென்மார்க் தேசத்து ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் என்பதே பலருடைய எண்ணம். அவர் கைக்கு வருமுன்பே அதற்குப் பல நூற்றாண்டு வயதாகிவிட்டிருந்தது.

சமண ஆசாரியரான ஜினேசுவரர் 1052-இல் இயற்றிய ‘நிர்வாணலீலாவதி’ மறைந்து போயிற்று. அதன் சாரமாக 13-ஆம் நூற்றாண்டில் ஜினரத்னர் வடமொழியில் அமைத்த ‘லீலாவதீசாரம்’ நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஹஸ்தினாபுரத்து வணிகனான தனன் என்னும் வஞ்சகன், முறைதவறிப் பிறந்தவர் காணவும் தீண்டவும் இயலாத திவ்விய வஸ்திரம் ஒன்றை நெய்து தருவதாகச் சிராவஸ்தி அரசனை நம்பச் செய்கிறான். சபையோர் புகழ, அதை ‘அணிந்து’ நகர்வலம் வந்த அரசனைக் கண்ட ஜனங்கள், “மகாராஜா திகம்பரத் துறவியாகி விட்டாரோ?” என்று விசாரித்த பிறகே அவனுக்கு விஷயம் விளங்குகிறது; தனனோ அதற்குள் ஊரைக் கடந்துவிட்டான். நூலாசிரியர் வெள்ளாடை உடுக்கும் சுவேதாம்பரர் என்பதை நினைக்கும்போது, அந்தக் கேள்வியில் ஆடை துறந்த அண்டை வீட்டாரான திகம்பரரைச் சற்றே சீண்டிப் பார்க்கும் குறும்பும் கலந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதே ஆடை 1335-இல் ஸ்பெயின் தேசத்துக் காஸ்டில் நாட்டில், அரச குடும்பத்தவரான டான் ஹுவான் மானுவேல் எழுதிய ‘லூக்கனோர் பிரபு’ என்னும் கதைநூலில் தலைகாட்டுகிறது. தன் தந்தை என்று உலகம் சொல்பவருக்கே பிறந்தவன் எவனோ அவன் கண்ணுக்கு மட்டுமே இத்துணி தெரியும் என்று மூன்று எத்தர்கள் சொல்லக் கேட்ட மூர் இனத்து அரசன் மகிழ்ந்ததற்குக் காரணம் ஆடையாசை அன்று. தந்தைக்குப் பிறவாத மகனுக்குத் தந்தையின் சொத்தில் பாத்தியதை இல்லையாதலால், துணி தெரியாதவர்களின் ஆஸ்திகளையெல்லாம் தன் பொக்கிஷத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அவன் போட்ட கணக்கு. பிறர் சொத்துக்கு விரித்த வலையில் அவனே அகப்பட்டான். வெறுந்தறியின் முன் நின்ற கணமே, உண்மையைச் சொன்னால் தன் ராஜ்யமே பறிபோகும் என்று நடுங்கி, மந்திரிகளைவிட அதிகமாகப் புகழத் தொடங்கினான். விழா நாளில் அவன் அவ்வாடையோடு குதிரையேறினான். நல்லவேளை, அது கோடைகாலம் என்று ஆசிரியர் சிரிக்காமல் குறிப்பிடுகிறார்.

மௌனத்தைக் கலைத்தவன் அரசனின் குதிரையைப் பராமரித்த கறுப்பின ஊழியன். இழக்க ஆஸ்தியோ பட்டமோ இல்லாத அவன், தான் யாருக்குப் பிறந்தவன் என்பதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றும், ஒன்று தான் குருடனாக இருக்க வேண்டும் அல்லது அரசர் ஆடையின்றி இருக்க வேண்டும் என்றும் சொன்னான். முதலில் கிடைத்தது வசைதான். பிறகு ஒருவர் பின் ஒருவராக அச்சம் தெளிந்தனர்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1615-இல் வெளியிட்ட சிறு நாடகம் ஒன்றில், துணி போய்க் கண்ணுக்குத் தெரியாத பொம்மலாட்டம் வந்தது. யூத ரத்தக் கலப்புள்ளவர்க்கும் அது தெரியாதாம். அக்காலத்து ஸ்பெயினில் அந்த ரத்த விசாரணை விளையாட்டு விஷயமாக இருக்கவில்லை.

ஆண்டர்சன் மானுவேலின் ஸ்பானியக் கதையை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்து, 1837 ஏப்ரலில் கோபன்ஹேகனில் தம் கதையை வெளியிட்டார். செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுப்பவளுக்கும் மகனாகப் பிறந்து பெரிய மனிதர் வீடுகளுக்குள் அடியெடுத்து வைத்திருந்த அவர், பிறப்புச் சோதனையை நீக்கிவிட்டு, உத்தியோகத்துக்குத் தகுதியற்றவனுக்கும் மூடனுக்கும் துணி தெரியாது என்று நிபந்தனையை மாற்றினார். பரம்பரைச் சொத்தை எண்ணி நடுங்கிய கூட்டத்தின் இடத்தில், சம்பளத்தையும் பதவியையும் எண்ணி நடுங்கும் கூட்டம் வந்து நின்றது.

முதலில் எழுதிய பிரதியில் ஊர்வலம் புகழ்மொழிகளோடேயே முடிந்தது. உண்மையைக் கூவும் குழந்தையை, அச்சுப்படி திருத்தும் வேளையில்தான் அவர் சேர்த்தார். உலகம் முழுவதும் அக்குழந்தையைக் கொண்டாடுகிறது. எனக்கோ மூர் அரசனின் குதிரைக்காரனிடமே மதிப்பு அதிகம்: குழந்தை ஆபத்தை அறியாமல் பேசிற்று; அவன் சவுக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு பேசினான்.