தொப்பிக்குள் இருந்த சீட்டு

மறுநாள் கப்பலேற வேண்டும். சம்பளம் பட்டுவாடா செய்யும் சார்ஜன்டின் அறையில் சிப்பாய்களின் மனைவியர் கூடி நிற்கிறார்கள், சிலர் இடுப்பில் குழந்தையோடு. ஒரு தொப்பி நிறைய மடித்த சீட்டுகள். ஒவ்வொருத்தியும் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ‘போகலாம்’ என்றிருந்தால் கணவனோடு பயணம். ‘போகக் கூடாது’ என்றிருந்தால் அவன் திரும்பும் வரை, திரும்பினால், தனிமைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் பட்டாளம் கடல்கடந்து போகும்போது நடந்த குலுக்கல் இது. நூறு சிப்பாய்களுக்குச் சுமார் 6 மனைவியரைத்தான் அழைத்துப் போகலாம். இந்தியாவுக்கு என்றால் 12 பேர். அதிலும் தளபதியின் அனுமதி பெற்று மணந்தவளுக்கே சீட்டு எடுக்கும் உரிமை. அனுமதி இல்லாமல் தாலிக்கு நிகரான மோதிரம் மாட்டிக்கொண்டவளைப் பட்டாளத்தின் கணக்கேடு அறியவே அறியாது.

குலுக்கலைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டதற்கும் காரணம் இருந்தது: முன்பே தெரிந்துவிட்டால் சிப்பாய்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். இந்த ஏற்பாட்டிலேயே மிகக் கொடியது இதுதான் என்று தோன்றுகிறது. குடும்பம் பிரியப்போவது உறுதி. யார் குடும்பம் என்பதை மட்டும் மறைத்து வைத்தார்கள்.

சீட்டு கைகொடுக்காதவளுக்கு வழிச்செலவுக்குச் சொற்பக் காசு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சொந்த ஊருக்கோ கணவன் ஊருக்கோ போய், திருச்சபை வட்டாரத்தின் ஏழை நிவாரணத்துக்குக் கையேந்த வேண்டும். சிப்பாயின் சம்பளமோ நாளுக்கு ஒரு ஷில்லிங். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்தது போக, வீட்டுக்கு அனுப்ப அதில் என்ன மிஞ்சும்?

சீட்டு கைகொடுத்தவளின் பாடும் சுகமில்லை. ஆண்கள் தூங்கும் அதே கூடத்தின் மூலையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் அதுவே அவள் வீடு. பிள்ளைப்பேறும் அதன் பின்னால்தான். அரை ரேஷன் போதாமல் சிப்பாய்களின் துணி வெளுத்துச் சம்பாதித்தாள். நெப்போலியனை எதிர்த்து ஸ்பெயினில் நடந்த போரில், கணவனைப் புதைத்த சில நாட்களிலேயே இன்னொரு சிப்பாயை மணந்தவர்கள் உண்டு. அன்பில்லாமல் அல்ல, புருஷன் இல்லாதவளுக்குப் பட்டாளத்தில் ரேஷன் நீடிக்காது, ஊரோ கடலுக்கு அப்பால்.

1854இல் கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியபோது கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் நாடெங்கும் நிதி திரட்டினார்கள். 1885இல் எகிப்துக்குப் படை கிளம்பிய சமயம், ஜேம்ஸ் கில்டே என்ற மேஜர் ‘தி டைம்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பின்னால் நிற்கும் குடும்பங்களைக் கவனிக்கப் பணமும் ஆட்களும் வேண்டும். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்றும் இயங்குகிறது.

அனுமதி பெற்றவள், பெறாதவள் என்ற பேதம் உதவித்தொகையில் ஒழிய 1914 வரை ஆயிற்று. முதல் உலகப் போருக்கு லட்சக்கணக்கில் ஆள் தேவைப்பட்டதால், எல்லா மனைவியருக்கும் பிரிவுப்படி கிடைத்தது. ஆனால் அந்த அக்டோபரிலேயே உள்துறையிடமிருந்து காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை போனது. படி வாங்கும் பெண்கள் குடிக்கிறார்களா, ஒழுக்கம் தவறுகிறார்களா என்று கண்காணிக்க வேண்டும். ‘தகுதியற்றவள்’ என்று பட்டால் தொகையை நிறுத்திவிடலாம். புருஷன் பிரான்சின் பதுங்குகுழியில் கிடக்க, வீட்டில் அவன் மனைவியை நோட்டம் விட்டது காவல்துறை.