கென்டக்கி ரைஃபிள் - செத்துப் பிழைத்த ஒரு கைத்தொழில்

அமெரிக்காவும் துப்பாக்கியும் என்றதும் எல்லோருக்கும் கவ்பாய் படம்தான் ஞாபகம் வரும். இடுப்பில் ரிவால்வர், தலையில் தொப்பி, பின்னால் புழுதி. ஆனால் அந்த ரிவால்வர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே அமெரிக்காவுக்கு என்று தனியாக ஒரு துப்பாக்கி இருந்தது. பெயர் கென்டக்கி ரைஃபிள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், மெலிந்த உடம்பு, மேப்பிள் மரக் கட்டை, பக்கவாட்டில் பித்தளை வேலைப்பாடு.

பெயரில்தான் கென்டக்கி இருக்கிறது. அதிகம் செய்யப்பட்ட இடம் பென்சில்வேனியா! 1815-ல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படை தோற்ற பிறகு கென்டக்கி வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து ஒரு பாட்டு நாடு முழுக்கப் பரவியது. அதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. செய்தவனுக்குக் கிடைக்காத பெயர் சுட்டவனுக்குக் கிடைத்தது.

இந்தத் துப்பாக்கியைச் செய்யும் தொழில் ஒருமுறை கிட்டத்தட்டச் செத்துப்போனது. பிறகு பொழுதுபோக்காகச் செய்தவர்களின் கையால் மறுபடி உயிர் பெற்றது. செத்ததற்கும் பிழைத்ததற்கும் ஒரே காரணம்தான். பகிர்ந்துகொள்வது! எப்படி என்று பார்ப்போம்.

ஜெர்மன் கொல்லர்களும் ஈயக் கணக்கும்

1700-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் நிறையப் பேர் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். லங்காஸ்டர் சுற்றுவட்டாரம் அவர்களுடைய ஊர்களால் நிறைந்தது. கூடவே கொல்லர்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பழக்கமானது யேகர் என்ற வேட்டைத் துப்பாக்கி. குட்டையான, கனமான குழல். பெரிய குண்டு.

குழலின் உட்புறம் சுழல் சுழலாகப் பள்ளம் வெட்டியிருந்தால் அதுதான் ரைஃபிள். அந்தப் புரியில் உரசிக்கொண்டு வரும் குண்டு பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே போகும், அதனால் நேராகப் போகும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் வைத்திருந்த மஸ்கெட்டில் இந்தப் புரி கிடையாது. நூறு கெஜம் தாண்டினால் குறி தப்பும்.

யேகர் அமெரிக்கக் காட்டுக்கு ஒத்துவரவில்லை. காரணம் வெறும் செலவுக் கணக்கு. காட்டுக்குள் மாதக்கணக்கில் திரிபவன் ஈயத்தையும் மருந்தையும் தானே சுமக்க வேண்டும். 0.60 அங்குலக் குண்டு என்றால் ஒரு பவுண்டு ஈயத்துக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டுதான் வரும். 0.50 அங்குலத்துக்குக் குறைத்தால் நாற்பதுக்குப் பக்கத்தில் கிடைக்கும். அதே சுமை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேட்டு! ஆகவே துளை சிறுத்தது, குழல் நீண்டது. ஒரு மீட்டருக்கு மேல் குழல் வைத்த துப்பாக்கிகள் சாதாரணமாயின.

இந்தக் கதையை வெறும் அழகுக் கதையாகச் சொல்லிவிட முடியாது. இது ஆயுதம். எல்லைப்புறத்தில் பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கிய சண்டைகளில் இது இருந்தது. 1763 டிசம்பரில், இந்தக் கொல்லர்கள் வாழ்ந்த அதே லங்காஸ்டர் பகுதியில், கானஸ்டோகா என்ற சின்னச் சமூகத்தைச் சேர்ந்த இருபது பேரை ஒரு கும்பல் இரண்டு தாக்குதல்களில் கொன்று தீர்த்தது. அந்தக் கைவேலையை ரசிப்பவர்கள் இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஆள் செய்ததா?

தனியாக ஒரு கொல்லர் காட்டோரப் பட்டறையில் உட்கார்ந்து இரும்பிலிருந்து தொடங்கி முழுத் துப்பாக்கியையும் தானே செய்து முடித்தார் என்பதுதான் பொதுவான கற்பனை. அப்படியும் சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் வழக்கம் அது இல்லை.

ரெடிங் ஊருக்குப் பக்கத்தில் வையோமிசிங் என்று ஒரு ஓடை. அதன் கரையில் குழல் துளைக்கும் ஆலைகள் வரிசையாக இருந்தன. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் துளைக்கும் கருவியைச் சுற்றும். பல கொல்லர்கள் குழலை அங்கிருந்து வாங்கிக்கொண்டார்கள். சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீப்பொறி எழுப்பும் விசை, பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கப்பலில் வந்தது. பட்டறைக்காரருடைய சொந்த வேலை இவற்றைப் பொருத்துவது, கட்டையைச் செதுக்குவது, பித்தளையை வார்த்துச் சித்திரம் வெட்டுவது. ஆடம் ஸ்மித் 1776-ல் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து வேலைப் பகிர்வை விளக்கியதைக் காமர்ஸ் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். அதே காலத்தில் பென்சில்வேனியா ஓடைக்கரையில் அது நடந்துகொண்டிருந்தது.

நாசரேத் ஊருக்குப் பக்கத்தில் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்று ஒரு குடியிருப்பு. மொரேவியன் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடையது. சமூகமாகச் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உழைத்தவர்கள். 1760-களில் அங்கே ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் ஒரு துப்பாக்கிப் பட்டறை நடத்தினார். ஜெர்மனியில் தொழில் கற்று வந்தவர். அவருக்குப் பிறகு பட்டறை யோஹான் கிறிஸ்டியன் ஓர்ட்டர் கைக்கு வந்தது. ஆள் மாறியபோதும் அதே உலை, அதே கருவிகள். அங்கே செய்த சில துப்பாக்கிகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

கருவிகளில் முக்கியமானது புரி வெட்டும் பெஞ்ச். நீளமான மரப் பலகை, அதன்மேல் சுழல் பள்ளம் செதுக்கிய ஒரு உருளை மரக்கட்டை. அந்தக் கட்டை எந்தக் கணக்கில் திரும்புகிறதோ அதே கணக்கில்தான் குழலுக்குள் புரி விழும். அதாவது ஒரு கொல்லருடைய தொழில் ரகசியத்தில் பாதி அந்த மரக்கட்டையிலேயே இருந்தது. ஒரு கட்டையை அச்சாக வைத்து இன்னொன்றைச் செய்துகொள்ளலாம். குருவின் கட்டையிலிருந்து சீடனின் கட்டை. மீதிப் பாதி கையில், கண்ணில், காதில். அது எந்தக் கட்டையிலும் இல்லை.

பகிர்ந்ததால் வந்த சாவு

1775 ஜூன் 14-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தன் ராணுவத்துக்காக முதலில் சேர்த்தது பத்து ரைஃபிள் கம்பெனிகளை. அதில் ஆறு பென்சில்வேனியாவுக்கு. ஆனால் போர்க்களத்தில் ரைஃபிளுக்குக் குறைகள் இருந்தன. மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும், பயனெட் மாட்ட வசதி இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. உடைந்தால் கொல்லரைத் தேடிப் போக வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க இறங்கியவை அரசு ஆயுதச் சாலைகள். மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட், வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி. தாமஸ் பிளான்சார்ட் என்பவர் 1819-ல் ஒரு புதுவகை லேத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மாதிரிக் கட்டையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் அதே வடிவத்தை வெட்டும் எந்திரம் அது. 1820-களில் ஸ்பிரிங்ஃபீல்டில் 14 எந்திரங்கள் வரிசையாக நின்று துப்பாக்கிக் கட்டையைச் செய்தன. உளி பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்படவில்லை.

இதில் ஆச்சரியம், அரசு இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. அரசுக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் தனியார் கம்பெனிகளுக்கும் மாதிரிகளும் அளவு பார்க்கும் கேஜ்களும் போயின. ஒரு இடத்தில் கண்டுபிடித்தது இன்னொரு இடத்துக்குப் போனது. வேலை தெரிந்த ஆட்களும் பட்டறை விட்டுப் பட்டறை மாறி, தெரிந்ததைக் கொண்டுபோனார்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜான் ஹால் வடிவமைத்த ரைஃபிளை, சுமார் 500 கி.மீ. தள்ளி கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்தார். 1834-ல் இரண்டு இடத்துப் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின! 1850-களில் பிரிட்டனின் என்ஃபீல்ட் ஆயுதச் சாலையே அமெரிக்காவிலிருந்து எந்திரங்களை வாங்கியது. தையல் எந்திரம், சைக்கிள், கார் என்று பிறகு வந்த தொழிற்சாலைகள் எல்லாம் இந்த வழியில்தான் போயின.

இங்கே பகிர்ந்தது எதை? கேஜை, மாதிரியை, எந்திரத்தை. கையில் இருந்த அறிவை இரும்பில் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்தப் போட்டியில் லங்காஸ்டர் கொல்லர் எப்படி நிற்பார்? 1861-65 உள்நாட்டுப் போருக்குப் பிறகு தோட்டா போட்டுச் சுடும் மலிவான தொழிற்சாலைத் துப்பாக்கிகள் கடைக்குக் கடை வந்தன. கொல்லர்கள் ரிப்பேர்காரர்கள் ஆனார்கள். அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் மட்டும் சிலர் பழைய முறையை 1900-க்குப் பிறகும் விடாமல் வைத்திருந்தார்கள்.

பகிர்ந்ததால் வந்த உயிர்

1924-ல் ஜான் டில்லின் கென்டக்கி ரைஃபிளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பரணில் தூசி படிந்து கிடந்ததைப் பலர் இறக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1931-ல் ஓஹையோவின் போர்ட்ஸ்மவுத் நகரில் பழைய துப்பாக்கிகளுக்கு என்றே ஒரு குறிபார்க்கும் போட்டி நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1933-ல் நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷன் பிறந்தது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களின் சங்கம். இந்தியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூர் அவர்களுடைய திருவிழா இடமாக ஆனது. (பொருத்தமான பெயர்தான்!)

சுடுவதற்குத் துப்பாக்கி வேண்டும். பழையது உடைந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே? டென்னஸியில் ஹேக்கர் மார்ட்டின் போல ஒரு சிலர்தான் மிச்சம். அவர் நீராலை வைத்திருந்தவர், துப்பாக்கித் தொழில் செய்த பரம்பரையில் வந்தவர். இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்த்தான் ஆர்வலர்கள் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1960-ல் ஜோ கிண்டிக், ஹென்றி காஃப்மன் இருவரும் தனித்தனியாகப் பெரிய புத்தகங்கள் வெளியிட்டார்கள். ஒரு பணக்காரர் அலமாரிக்குள் இருந்த துப்பாக்கியின் படம், முன்பின் தெரியாத தச்சர் ஒருவரின் மேசைக்கு வந்தது. ஆனால் படம் பார்த்து நீச்சல் கற்க முடியுமா?

இந்த இடத்தில்தான் வாலஸ் கஸ்லர் வருகிறார். வர்ஜீனியாக்காரர். 1960-களில் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற வரலாற்று நகரத்தில் துப்பாக்கிப் பட்டறையின் தலைமைக் கைவினைஞர். அங்கே 18-ம் நூற்றாண்டுக் கருவிகளை மட்டுமே வைத்து, இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கி முழு ரைஃபிளையும் அவர் செய்து காட்டினார். 1969-ல் அது படமாக வந்தது. உலைச் சத்தம், அரம் தேய்க்கும் சத்தம், புரி வெட்டும் பெஞ்சில் முன்னும் பின்னும் போகும் கை... இருநூறு வருஷம் முந்தைய பட்டறை கண்முன் நின்றது. செய்ய முடியும் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது!

சட்டமும் இடம் கொடுத்தது. 1968-ம் ஆண்டு அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தோட்டா போடாமல் மருந்து கெட்டிக்கும் பழைய வகைகளையும் அவற்றின் நகல்களையும் தொல்பொருள் என்று தனியாக ஒதுக்கியது. 1976-ல் சுதந்திரத்தின் 200-வது ஆண்டு வந்தது, ஆர்வம் கூடியது. ஜார்ஜியாவில் பள்ளி மாணவர்கள் கிராமத்துப் பெரியவர்களைப் பேட்டி எடுத்து உருவாக்கிய ஃபாக்ஸ்ஃபயர் வரிசையின் ஐந்தாம் புத்தகத்தில் (1979) துப்பாக்கித் தொழிலுக்குப் பெரிய பகுதி ஒதுக்கப்பட்டது. வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் வகுப்பு நடந்தது. மேசைக்கு மேசை நின்று, வாத்தியாரின் உளியை வாங்கிப் பார்த்து, தன் உளியைக் காட்டித் திட்டு வாங்கி, கற்றுக்கொள்ளும் வகுப்பு.

பொழுதுபோக்குக்காரர்களும் குழலையும் விசையையும் பெரும்பாலும் வெளியே வாங்கினார்கள். பழைய விசையை அச்சாக வைத்து வார்த்த பாகங்கள் விற்பனைக்கு வந்தன. இது ஏமாற்று என்று சிலர் முகம் சுளித்தார்கள். வையோமிசிங் ஓடையை நினைத்துப் பார்த்தால், 18-ம் நூற்றாண்டுக் கொல்லர் செய்ததும் இதைத்தானே!

என்ன வித்தியாசம்?

ஸ்பிரிங்ஃபீல்டும் பகிர்ந்தது, ஃப்ரெண்ட்ஷிப் கூட்டமும் பகிர்ந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் பகிர்ந்ததில் கேஜ் ஊர் மாறியது, கைக்கு வேலை போனது. மிகப் பெரிய லாபம் கிடைத்தது. இன்று யார் வீட்டு ஃபேனுக்கும் கடையில் உதிரிபாகம் கிடைப்பதற்கு அந்த வழிதான் காரணம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கேஜில் ஏறாத அறிவு ஒன்று உண்டு. உலையில் இரும்பு ஒட்டும் பதத்தை அதன் நிறத்தைப் பார்த்துச் சொல்வது, அரத்தின் சத்தம் மாறுவதைக் காதால் பிடிப்பது. இதைத் தபாலில் அனுப்ப முடியாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அப்படி நிற்க ஆள் இல்லாமல் இரண்டு தலைமுறை போனால் போதும். கருவி மட்டும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும், அதைப் பிடிக்கும் விதம் யாருக்கும் தெரியாது.

கென்டக்கி ரைஃபிள் அந்த விளிம்பு வரை போய்த் திரும்பியது. மீட்டுக் கொண்டுவந்தது அரசும் இல்லை, கம்பெனியும் இல்லை. லாபத்தை எதிர்பார்க்காமல் சனி, ஞாயிறுகளில் அரம் தேய்த்த பல பேரும், தனக்குத் தெரிந்ததைப் பூட்டி வைக்காத சில கிழவர்களும்தான்.