கர்ப்பகால நீரிழிவு

கருவுற்ற காலத்தில் தோன்றும் அல்லது அப்போது முதன்முறையாகக் கண்டறியப்படும் இரத்தச் சர்க்கரை மிகுநிலை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை மந்தப்படுத்த, அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையம் சுரக்காதபோது இது உண்டாகிறது. பனிக்குட நீர் மிகுதி, முன்சூல்வலிப்பு, குழந்தையின் மிகை எடை, பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்தல் ஆகியவை முக்கியச் சிக்கல்கள்.

கண்டறியும் அளவுகோலை 1964இல் அமெரிக்காவில் ஓ'சல்லிவனும் மஹானும் வகுத்தனர். வெறும் வயிற்றில் பலமுறை இரத்தம் எடுக்கும் அம்முறை, வால்பாறை, ஆனைமலைப் பக்கமிருந்து பேருந்தில் வரும் கர்ப்பிணிக்குத் தோதானதல்ல. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் குழு முன்வைத்த ஒற்றைச் சோதனை இத்தடையை நீக்கியது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேலிருந்தால் நோய் உறுதி. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் சோதிப்பர். இக்குழு தமிழ்நாட்டில் 12,056 பேரிடம் நடத்திய ஆய்வில் நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடும், கிராமப்புறத்தில் 9.9 விழுக்காடும் பாதிப்பு தெரிந்தது. கிராம விகிதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இச்சோதனையை நடுவண் அரசின் வழிகாட்டி நெறிகளும் ஏற்றன. சேஷய்யா 2022இல் பத்மஸ்ரீ பெற்றார்.