பத்தாத சட்டை: ஓசூர் எல்லைப்புறத்தில் குழந்தைத் துணி கைமாறிய வரலாறு

வேட்டியும் புடவையும் துண்டும் அளவெடுத்துத் தைக்கப்படாதவை என்பதால், அவை நைந்து கிழியுமே தவிர, உடுத்தியவர் வளர்ந்துவிட்டார் என்பதற்காக ஒருபோதும் உதவாமல் போவதில்லை. தாயின் புடவை மகளுக்கு ஆகும், தந்தையின் வேட்டியை இரண்டாகக் கிழித்தால் இரு மகன்களுக்கு ஆகும். பிள்ளையின் உடை சிறுத்துப்போவது என்ற சிக்கல், தையல் உடை வீட்டுக்குள் வந்த பிறகே உண்டானது. பேச்சுத் தமிழ் அதைச் 'சட்டை பத்தல' என்றோ 'சின்னதாப் போச்சு' என்றோ சொல்கிறது. வளர்ந்தது பிள்ளையே ஆனாலும் குறை சட்டையின் மேல் போடப்படுகிறது. பிள்ளை வளர்ந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற அச்சமும் இதில் கலந்திருக்கக்கூடும். அவ்வாறு பத்தாமல் போன சட்டை அடுத்து யார் கைக்குச் சென்றது, யார் கைக்குச் செல்லவில்லை என்பதைப் பின்தொடர்ந்தால், ஒரு வட்டாரத்தின் உறவுமுறையும் ஏற்றத்தாழ்வும் கூலிமுறையும் ஓரளவு துலங்கும்.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி, கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் விளையும் பீடபூமியைச் சேர்ந்த ஊர். 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் எனப்பட்ட அண்டைப் பகுதி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனபோதும் ஓசூர்ப் பக்கம் மைசூரிடமே இருந்து, திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பிறகே கம்பெனியிடம் சென்றது. பின்னர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்துவருகிறது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தாலும், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்கும் நிலை மாறவில்லை. தமிழில் பழைய துணி, தெலுங்கில் பாத பட்டலு, கன்னடத்தில் ஹளே பட்டே என்று பெயர் வேறுபட்டதே ஒழிய, பிள்ளைத் துணியைப் பற்றிய வழக்கங்கள் மூன்று மொழிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொதுவாகவே இருந்தன.

அவற்றுள் மிகப் பழையது, பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமை. தறியிலிருந்து வந்த புதுத்துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும். பச்சிளம் தோலில் அது உராயும். பலமுறை துவைத்துத் துவைத்து நூல் இளகிப்போன தாத்தாவின் வேட்டியோ பாட்டியின் புடவையோதான் குழந்தையைச் சுற்றிக்கொள்ளவும், விரித்துப் போடவும், ஏணை கட்டவும் பயன்பட்டது. ஏணை என்பது உத்தரத்திலோ மரக்கிளையிலோ புடவையை முடிச்சிட்டுத் தொங்கவிடும் துணித்தொட்டில். பிற ஊர்களில் இதைத் தூளி என்பர். உடலுக்கு இதம் என்ற காரணத்தோடு ஆயுள் பற்றிய நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. நிறைவாழ்வு வாழ்ந்து, பேரன் பேத்திகளைக் கண்டு மறைந்தவரின் துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்து குழந்தைக்குப் பயன்படுத்தும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அங்கே பழைய துணி கழிவாகக் கருதப்படவில்லை. முந்திய தலைமுறை உடுத்தித் தேய்த்துப் பதப்படுத்திக் கொடுத்த பொருளாகவே அது மதிக்கப்பட்டது. வங்கத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் காந்தாவும், வடகர்நாடகத்தில் கௌதி எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையும் இதே எண்ணத்தின் வேறு வடிவங்கள்.

இதைவிட அழுத்தமான ஒரு வழக்கமும் இருந்தது. பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் மீண்டும் ஒரு குழந்தை பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் சற்றுநேரம் கிடத்தி, வேறொருத்தி எடுத்துக்கொண்டு போவதுபோலப் போய், பிறகு ஒரு படி தவிட்டுக்கு அதைப் பெற்றவளிடமே விற்பாள். விலைபோகாத பிள்ளை, வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போவான் என்பது இதன் உட்கருத்து. அக்குழந்தைக்குக் குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைப்பதும், வீடுவீடாகக் கேட்டு வாங்கிய பிறர் பிள்ளைகளின் துணியை உடுத்துவதும் இச்சடங்கின் தொடர்ச்சி. குப்பைமேட்டைத் தெலுங்கில் பெண்ட என்றும் கன்னடத்தில் திப்பெ என்றும் சொல்வதால், பெண்டய்யா, திப்பய்யா என்ற பெயர்கள் அம்மொழிகளில் பிறந்தன. ஏழ்மையின் அடையாளமான கேட்டு வாங்கிய துணி, பிள்ளைக்கு உயிர்காப்பாக மாறிய இடம் இது. வசதியுள்ள வீடுகளும் இதைச் செய்தன என்பதால், பிறர் துணியை வாங்குவதில் இருக்கும் கூச்சம் சடங்கின் பேரால் சற்றுநேரம் நீங்கியது எனலாம்.

தையல் உடைக்கு முந்திய காலத்தில் சிறு பிள்ளைகள் அரைஞாண் கொடியோடு திரிந்ததே இயல்பு. சட்டை என்பது திருவிழாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியதாயிற்று. தையல் எந்திரம் சிற்றூர்த் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தபின் பிள்ளைகளின் உடை பெருகியது. ஆனால் துணியின் விலை குறையவில்லை. எனவே வளர்ச்சியை முன்கூட்டியே கணக்கிட்டுத் தைக்கும் நுட்பம் ஒன்று உருவானது. 'வளர்ற பிள்ளை, விட்டுத் தைங்க' என்பது தையற்காரரிடம் தவறாமல் சொல்லப்பட்ட வாசகம். சட்டையின் பக்கத் தையலில் இரண்டு விரல் துணி உள்ளே மடிந்திருக்கும். பாவாடையின் கரைக்கு மேலே 'டக்' எனப்படும் கிடைமட்ட மடிப்புகள் இரண்டோ மூன்றோ பிடிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடை கணுக்கால் வரை இறங்கும். அதுவரை வெயில் படாமல் மடிப்புக்குள் இருந்த பகுதி, சுற்றிலும் வெளுத்த துணியின் நடுவே ஓர் அங்குலப் பட்டையாகப் பழைய நிறத்தோடு தெரியும். அதன் இரு ஓரங்களிலும் ஊசி போன துளைகள் புள்ளிக்கோடாக நிற்கும். அக்காளுக்கு இரண்டு தீபாவளி, தங்கைக்கு இரண்டு தீபாவளி என்று ஒரு பாவாடை ஓடிய கணக்கை அந்தப் பட்டைகளைப் பார்த்தே எண்ணிவிடலாம். மரத்தின் வயதுக்கு வளையம் போல என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இவ்வாறு நீட்டியும் பத்தாமல் போன உடை செல்லும் வழிக்கு எழுதாத விதிகள் இருந்தன. மூத்ததிடமிருந்து இளையதற்கு, பிறகு சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று அது உறவுக்குள் சுற்றும். அங்கே கொடுப்பவருக்குப் பெருமையும் இல்லை, வாங்குபவருக்குத் தாழ்வும் இல்லை. துவைக்காமல் கொடுப்பதில்லை. உடுத்தியவரின் ஏதோ ஒன்று துணியில் தங்கிவிடும் என்ற நம்பிக்கையால், மனம் ஒவ்வாத இடத்துக்குப் பிள்ளைத் துணியைக் கொடுக்கத் தாய்மார் தயங்கினர். இனி வீட்டில் குழந்தை இல்லை என்று முடிவான பிறகே கடைசிப் பிள்ளையின் துணி வெளியே போகும். மகப்பேறு நின்றுவிட்டதை ஊருக்கு அறிவிக்கும் செயலாகவும் அது அமைந்தது.

உறவு வட்டத்தைத் தாண்டியதும் அதே சட்டையின் பொருள் மாறியது. கன்னடத்தில் ஜீத எனப்படும் ஆண்டுக்கட்டு வேலைமுறையில் உணவும் உடையும் கூலியின் பகுதிகளாக எண்ணப்பட்டதால், பண்ணை வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டை வேலையாளின் பிள்ளைக்குச் செல்வது தரும் கையையும் பெறும் கையையும் நிலையாகப் பிரித்துக் காட்டியது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், பண்ணை வீட்டுப் பழஞ்சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளையை, அது யார் வீட்டுச் சட்டை என்று அடையாளம் கண்டு சொல்லும் கண்கள் ஊரில் இருக்கவே செய்தன. சாதிப் படிநிலையைக் காட்டுவதற்கு ஒரு குழந்தைச் சட்டையே போதுமாயிருந்தது என்பதை, பழைய துணி கைமாறும் வழக்கத்தைப் பகிர்வு என்று மட்டும் போற்றி எழுதுவோர் கவனிப்பதில்லை.

பழந்துணி தருவதில் உள்ள இந்த இழிவை அரசியல் தளத்தில் தெளிவாகப் பேசியவர் காந்தி. 1921-இல் அந்நியத் துணியைக் கொளுத்தும் இயக்கம் நடந்தபோது, கொளுத்துவதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டனர். வேலை கொடுக்க வேண்டிய இடத்தில் கழித்துப்போட்ட துணியைக் கொடுப்பது ஆடையற்றவர்களை இழிவுபடுத்துவதாகும் என்பது காந்தியின் நிலை. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அவர் தம் உடையை முழங்கால் துணியாகக் குறைத்துக்கொண்டார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்துக் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் வேலையைச் சேலம் மாவட்டத்தில் நிலைநிறுத்தியது, துணி கேட்கும் கைக்கு நூற்கும் வேலையைக் கொடுப்பது என்ற இக்கொள்கையின் வழிப்பட்டதே.

இரண்டாம் உலகப்போர் துணியை எல்லாருக்கும் அரிதாக்கியது. 1943-இல் பிறப்பிக்கப்பட்ட பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் விலையும் விற்பனையும் அரசின் கைக்குள் வந்தன. அதே காலத்தில் பிரிட்டனில், 1941 முதல் உடைக்கும் பங்கீடு நடைமுறையில் இருந்ததால், பெண்கள் தொண்டமைப்பு ஒன்று குழந்தைத் துணி மாற்று நிலையங்களை நடத்தியது. சிறுத்துப்போன உடையைக் கொடுத்துப் புள்ளிகள் பெற்று, அவற்றுக்கு ஈடாகப் பெரிய அளவு உடையை எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆகிவிடுவதால் தயவுக்கே அங்கு இடமில்லை. தமிழகச் சிற்றூர்களில் உறவுமுறை செய்த வேலையை, அங்கே புள்ளிக்கணக்கு செய்தது.

விடுதலைக்குப் பின் பிள்ளைகளின் உடையில் பெரிய மாற்றத்தைச் செய்தது அரசுதான். 1983-இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டமும், 1985-இல் தொடங்கிய விலையில்லாச் சீருடைத் திட்டமும் கைத்தறி, விசைத்தறி நெசவாளருக்கு வேலை கொடுப்பதையும் நோக்கமாகக் கொண்டவை. சீருடை ஆண்டுக்கு நான்கு இணை என்று உயர்ந்ததும், பள்ளி வாசலில் பிள்ளை யார் வீட்டுச் சட்டையைப் போட்டிருக்கிறது என்ற கேள்வி எழ வாய்ப்பே இல்லாமல் போயிற்று. சமத்துவத்தைப் பேசும் எத்தனையோ பாடங்களைவிட அந்த மலிவான சீருடைத் துணி இந்த ஒரு செய்தியில் கூடுதலாகச் சாதித்தது.

அதற்குள் ஓசூர் மாறத் தொடங்கியிருந்தது. 1971-இல் அமைக்கப்பட்ட, தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை உருவாக்க, 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் அங்கு நிலைபெற்றன. 2023-இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் வட்டாரத்து உழவர்கள் சிப்காட்டுக்காக நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடும் அளவுக்குத் தொழிற்பேட்டை கேழ்வரகுக் காட்டின் வரப்பு வரை வந்துவிட்டது. மாதச் சம்பளம் வந்த வீடுகளுக்குத் திருப்பூர்ப் பின்னலாடையும் வந்தது. ஏற்றுமதிக்கு ஆகாமல் ஒதுக்கப்பட்டு அந்நகரின் காதர்பேட்டையில் விலைபோகும் 'செகண்ட்ஸ்' சரக்கு, குழந்தைப் பனியனையும் டவுசரையும் சந்தைத் தரையில் குவியலாகக் கொட்டி விற்கும் பொருளாக்கியது. பின்னலாடையில் டக் பிடிக்க முடியாது, பிரித்துவிட உள்துணியும் கிடையாது. அது வாங்கிய அளவிலேயே வாழ்ந்து முடியும். பீரோவில் துணி தேங்குவது இப்போதுதான் தொடங்கியது.

தேங்கியதை வெளியேற்றச் சில காலம் எவர்சில்வர் பாத்திரக்காரர்கள் உதவினர். கூடையில் பாத்திரங்களோடு தெருவில் வந்து, பழைய துணிகளை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒரு டப்பாவுக்கோ தட்டுக்கோ பேரம் பேசும் பண்டமாற்று அது. சரிகை ஓடிய சேலைக்கும் கிழியாத பேண்டுக்கும் இருந்த மதிப்பு குழந்தைச் சட்டைக்கு இல்லை. பேரம் படியாதபோது மேலே போடும் கொசுறாகவே அது பெரும்பாலும் போயிற்று.

பெருமளவில் பழைய துணி ஒரே இடத்தில் வந்து குவிந்தபோது பழைய கூச்சம் மீண்டும் வெளிப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபின் நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளுக்கு லாரி லாரியாக வந்த உடுத்திய துணிகளை மீனவ மக்கள் தொடாமல் விட, அவை சாலையோரங்களில் மலைபோல் கிடந்தன. உழைத்து உடுத்தியவர்கள் ஒரே நாளில் இரவலர் நிலைக்குத் தள்ளப்பட்டதை அத்துணிகள் நினைவூட்டின. 1999-இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அத்துணிகளைச் சேகரித்துத் தரம்பிரித்துப் பயன்படுத்தியது. ஊர்ப்பணி செய்தவருக்கு அப்பணிக்கு ஈடாகத் துணி தருவது அதன் முறை. 2015-இன் இறுதியில் ஈரானின் மஷாத் நகரில் தோன்றிய, வேண்டாத துணியை ஒருவர் வைத்துவிட்டுப் போக வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் அன்புச் சுவரைத் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் 2017-இல் அமைத்தபோதும் கருத்து இதுவே: வைப்பவரையும் எடுப்பவரையும் ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் சுவர் மறைத்துக்கொள்ளும்.

உத்தனப்பள்ளியைச் சுற்றி எழுந்துள்ள லைன் வீடுகளில், அதாவது ஒரே வரிசையில் ஒற்றை அறைகளாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் குடியிருப்புகளில், தென்மாவட்டத்தாரும் பீகார், ஒடிசா மாநிலத்தாரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்கின்றனர். சித்தி பிள்ளையும் அத்தை பிள்ளையும் நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருக்க, பத்தாத கவுனும் ஜபலாவும் பொதுக்கொடியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குச் செல்கின்றன. எவரும் ஏற்காத பனியன்களும் திருப்பூரின் வெட்டுத்துண்டுகளும் மூட்டையாகக் கட்டப்பட்டு, தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு 'வேஸ்ட்' என்ற பெயரில் கிலோக் கணக்கில் வந்து சேருகின்றன. லேத் எந்திரத்தின் எண்ணெயைத் துடைக்க, பலமுறை துவைத்து இளகிய பருத்தியே ஏற்றது என்று பட்டறைக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகின்றனர்.