தையல் மெசினில் இருப்பவர்களுக்கு நாரி நோவும் கழுத்து நோவும்: குறைக்கச் சில வழிகள்

வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் இருவர் சந்தித்தால் நூல் விலைக்கு அடுத்ததாக நாரி நோவைப் பற்றித்தான் பேசுவார்கள். பாடசாலைச் சீருடைகள் குவியும் மார்கழியில் எட்டு, பத்து மணித்தியாலம் குனிந்தபடி வேலை நடக்கும். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவர் ஒரு கிழமை படுத்தால் அந்தக் கிழமை வருமானமே இல்லை.

நான் இருபது வருடமாகக் கால் மெசினிலும் மோட்டார் மெசினிலும் தைத்து வருகிறேன். நான் கண்டவரை, இருக்கும் உயரத்தைச் சரிசெய்தாலே நோவு பெருமளவு குறையும்.

ஏன் நோகிறது?

நம் தலையின் நிறை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முள்ளந்தண்டு அதைத் தாங்கும். ஊசியைப் பார்க்கக் குனிந்தால் கழுத்தின் பின்புறத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு குனிகிறோமோ அவ்வளவுக்குப் பாரமும் கூடும்.

கதிரை

பிளாஸ்டிக் கதிரைகள் பலவற்றின் இருக்கை பின்புறம் சரிந்திருக்கும். அதில் இருந்து தைத்தால் முதுகு வளையும். பழைய போர்வையைப் பின்புறம் தடிப்பாகவும் முன்புறம் மெல்லியதாகவும் மடித்துப் போடுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கைபிடி மேசையில் முட்டி நம்மைத் தள்ளி வைப்பதால் கைபிடியில்லாத கதிரையே நல்லது.

மெசின்

முழங்கை மெசின் தட்டின் மட்டத்தில் இருந்தால் தோள் தளர்ந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் சிறிய மெசினை வைத்தால் தட்டு உயர்ந்து தோளும் தூக்கிக்கொள்ளும். அப்போது கதிரையை உயர்த்தி, காலுக்கும் மிதிக்கும் கீழே அகலமான, ஆடாத பலகை ஒன்றை வையுங்கள். ஊசி உடம்பின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். மோட்டார் மெசினின் மிதி வழுக்கிப் போனால் காலும் இடுப்பும் அதன் பின்னால் போகும். அதற்கு ஒரு றப்பர் விரிப்புப் போதும்.

வெளிச்சம் போதாவிட்டாலும் தலை தானாகக் குனியும். ஊசிக்கு அருகே ஒரு மின்விளக்கு வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணையும் பரிசோதிப்பது நல்லது.

வெட்டும்போது

நிலத்தில் துணியை விரித்துக் குனிந்து வெட்டுவது, தைப்பதைவிட நாரியைக் கெடுக்கும். இடுப்பளவு உயரமான மேசையில் நின்று வெட்டுங்கள்.

இடைவேளை

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புங்கள். இடுப்பில் கைகளை ஊன்றி மெதுவாகப் பின்னால் வளையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். நாடியைத் தொண்டைப் பக்கம் உள்ளிழுத்து விடுங்கள். பத்துச் சட்டைகளையும் ஒரே மூச்சில் தைக்காமல் இடையில் பொத்தான் கட்டுவது, அயன் பண்ணுவது என்று வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

வைத்தியரிடம் போகவேண்டிய நேரம்

கை விரல்கள் விறைத்தால், நோவு கால்வரை இறங்கினால், தைலம் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கை, கால் பலமிழந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நீங்கள் தைக்கும்போது பக்கவாட்டில் இருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுங்கள். காது தோளுக்கு நேரே இல்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், கதிரையில் இருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.