நெடுங்கடல் பயணத்துக்குப் பாய்மரப் படகைத் தயார்செய்தல்

வாரக்கணக்கில் கரை தட்டுப்படாத பயணத்துக்கு முன், பாய்மரப் படகின் உடல், பாய்மரம், சுக்கான், பாய்கள், குடிநீர், உணவு, மின்சாரம், மீட்புக் கருவிகள் எல்லாவற்றையும் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, தேவையானதை ஏற்றி வைக்கும் பணி. கரையோரம் ஓடும் படகில் ஏதாவது உடைந்தால் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாம். நடுக்கடலில் உடைந்ததைப் படகில் இருப்பவரே, படகில் இருப்பதைக் கொண்டே சீர்செய்தாக வேண்டும். ஆயத்தம் முழுவதும் இதை மனத்தில் வைத்தே நடக்கிறது.

ஒரே போட்டி, இரண்டு படகுகள்

ஆயத்தத்தின் அருமையை 1968-ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் போட்டியைப்போல் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை. எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவரும் முதல் போட்டி அது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு; வேகம் குறைவு, பழைய பாணி. ஆனால் அதைப் பம்பாயிலிருந்து லண்டன் வரை ஏற்கெனவே ஓட்டி வந்திருந்ததால், அதன் ஒவ்வொரு பலகையும் அவருக்குப் பழக்கம். அட்லாண்டிக்கில் அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தபோது தண்ணீருக்குள் முங்கி, பருத்தி இழை திணித்துக் கலப்பத்து அடித்தார். பின்னர் குடிநீர்த் தொட்டி கெட்டது. பாயில் விழுந்த மழைநீரைப் பிடித்துக்கொண்டார். வானொலியில் செய்தி அனுப்ப முடியாமல் போயிற்று; தானியங்கிச் சுக்கானும் பழுதாயிற்று. அதன்பின் பாய்களைச் சரிக்கட்டியே படகைத் திசை தவறாமல் ஓட வைத்தார். 1968 ஜூன் 14-இல் புறப்பட்டவர் 312 நாட்களில், 1969 ஏப்ரல் 22-இல் ஃபால்மத் திரும்பினார்.

அதே போட்டியில் டொனால்டு குரோஹர்ஸ்ட் எடுத்துச் சென்றது மூன்றுடல் கொண்ட வேகமான புதுப் படகு, ‘டெய்ன்மத் எலெக்ட்ரான்’. அதில் பல புதுக் கருவிகள் திட்டமிடப்பட்டிருந்தன. பல வேலைகள் முடியவில்லை. புறப்படக் கடைசி நாளான அக்டோபர் 31-இல் அவசரமாகக் கிளம்பினார். உள்ளே சேரும் நீரை இறைக்கத் தேவையான குழாய் கரையிலேயே தங்கிவிட்டது. தளத்தில் இருந்த மூடி வழியே நீர் இறங்கி மின்னாக்கியை நனைத்தது. தென்கடலுக்குப் போகவும் முடியாமல், திரும்பவும் மனமில்லாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றினார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. அவர் வாழ்வின் முடிவுக்குக் கடனும் தனிமையும் காரணங்களாயின. ஆயினும் முதல் கண்ணி அந்த முடியாத வேலைகளே.

உடலும் பாய்மரமும்

வேலை படகைக் கரையேற்றுவதில் தொடங்கும். அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டி, அவை மறுபடி ஒட்டாதிருக்க நச்சுப் பூச்சு பூசுவார்கள். இதை அழகு வேலை என்று ஒதுக்கக் கூடாது. அதே பெயரில் பிற்காலத்தில் நடந்த 2022-23 கோல்டன் குளோப் போட்டியில் பல படகுகள் கொட்டலசால் வேகம் இழந்தன. அடிப்புறத் துளைகளில் உள்ள ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அதன் அருகிலேயே ஒரு மரத்தக்கையைக் கட்டி வைப்பது வழக்கம். வால்வு முறிந்தால் தக்கையைத் தேட நேரமிருக்காது.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பெரும்பாலும் இரு முனைகளிலும், வெளியே தெரியாத இடத்தில்தான் இற்றுப்போகும். மரத்தை இறக்கி, முனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பதே சரியான முறை. உள்ளதில் மிக நீளமான கம்பியின் அளவுக்கு ஒரு மாற்றுக் கம்பியும், முறிந்த மரம் படகை இடித்து ஓட்டையாக்கும் முன் அறுத்துவிட ஒரு பெரிய வெட்டுக்கருவியும் ஏற்றியாக வேண்டும்.

சுக்கான்

அதிகம் தொல்லை தருவது சுக்கான்தான். அது இரவும் பகலும் ஓயாமல் உழைக்கிறது. ஆறு பெண் கடற்படை அதிகாரிகளுடன் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட ‘தாரிணி’ நான்கு துறைமுகங்களில் நிற்பதாகத் திட்டம். சுக்கான் அமைப்பு பழுதானதால் ஐந்தாவதாக மொரீஷியஸின் போர்ட் லூயிக்கும் போக நேர்ந்தது. 2022-23 போட்டியில் இரண்டாவதாக வந்த அபிலாஷ் டோமி, காற்றால் இயங்கும் தானியங்கிச் சுக்கானின் தகடு உடைந்தபோது கழிவறைக் கதவை அறுத்து மாற்றுத் தகடு செய்தார். ஆகவே, மாற்றுச் சுக்கானை ஏற்றினால் போதாது. அதை ஒருமுறையாவது கடலில் பொருத்தி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஏற்ற வேண்டியவை

குடிநீரை ஒரே தொட்டியில் வைப்பது ஆபத்து. ‘சுஹைலி’ கற்றுத்தந்தபடி பல தொட்டிகளிலும் தனிக் கேன்களிலும் பிரித்து வைக்க வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். உணவில் அரிசி, பருப்பு, உலர்ந்தவை, டின்னில் அடைத்தவை முதன்மை. டின்களின் காகித உறையைக் கிழித்துவிட்டு, அழியாத மையால் பெயர் எழுதுவார்கள். நனைந்து உரிந்த காகிதம் நீரிறைக்கும் பம்பை அடைத்துவிடும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு, படகின் ஓட்டத்தில் சுழலும் நீர் மின்னாக்கி, டீசல் எஞ்சின் என ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும்.

மீட்புக் கருவிகள் எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் ‘துரியா’ புரண்டு, பாய்மரம் முறிந்து, அவர் முதுகெலும்பில் காயத்துடன் அசைய முடியாமல் கிடந்தார். மாற்றுச் செயற்கைக்கோள் தொலைபேசி அவசரப் பையில் இருந்தது, கைக்கு எட்டவில்லை. அவசர ஒலிபரப்பியும் குறுஞ்செய்திக் கருவியும் வேலை செய்ததால் மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ அவரை மீட்டது. படுத்த நிலையிலும் எட்டும் இடத்தில் ஒரு தொடர்புக் கருவி இருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியை உரிமையாளர் பெயரிலும் கரையில் உள்ள தொடர்பாளர் எண்ணோடும் பதிவுசெய்திருக்க வேண்டும்.

வெள்ளோட்டம்

அவசரத்தில் பெரும்பாலும் கைவிடப்படுவது வெள்ளோட்டம்தான். கைவிடக் கூடாததும் இதுதான். 2009-10-இல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரான திலீப் டோண்டே, தம் படகான ‘மாதேய்’ கோவாவில் ரத்னாகர் தாண்டேகரின் பட்டறையில் உருவானபோதே உடனிருந்து ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டார். படகு நீரில் இறங்கியபின் கொழும்புக்கும் மொரீஷியஸுக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, 2009 ஆகஸ்டு 19-இல் மும்பையிலிருந்து புறப்பட்டார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் 2024 அக்டோபரில் ‘தாரிணி’யில் உலகைச் சுற்றக் கிளம்பும் முன் அபிலாஷ் டோமியிடம் பயிற்சி பெற்றனர், அதே படகில் பெருங்கடல்களையும் கடந்து பழகியிருந்தனர். வெள்ளோட்டத்தில் உடைந்தவற்றின் பட்டியலே ஏற்ற வேண்டிய உதிரிப் பொருட்களின் பட்டியலாகிறது. உலகைச் சுற்றுவோர் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைத் தென் கோடைகாலமான டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கடப்பது விரும்பத்தக்கது. எனவே வெள்ளோட்டத்தையும் அதற்குப் பிந்தைய பழுதுபார்ப்பையும் அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிக்க வேண்டியிருக்கிறது.