தீவகத்துத் திண்ணைப் பள்ளிகள்

சுருவில், வேலணைத் தீவின் சிற்றூர்களுள் ஒன்று. ஒல்லாந்தர் அத்தீவுக்கு லைடன் என்று தம் நகரொன்றின் பெயரைச் சூட்டினர். அவ்வூரிற் பிறந்த எம் பாட்டனார், தம் தந்தையார் மணலில் விரலால் எழுதிக் கற்ற வரலாற்றைப் பலமுறை கூறியதுண்டு. கற்பித்தவரை அவர் ஒருபோதும் ஆசிரியர் என்றாரல்லர். சட்டம்பியார் என்பதே அவர் வழக்கு. இச்சொல்லை இக்காலத்து மாணவர் அறியார்.

ஈழத்துக் கல்வி வரலாற்றை எழுதப்புகுந்தோர் பெரும்பாலும் மூன்று வாயில்களாலேயே உட்செல்வர். போர்த்துக்கேயரின் தேவாலயங்கள், ஒல்லாந்தரின் பள்ளித் தோம்புகள், 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரின் அறிக்கைகள் என்பனவே அவை. இம்மூன்றுக்கும் எழுத்துச் சான்று உண்டு. திண்ணைப் பள்ளிக்கு அஃது இல்லை. இடாப்பு வைத்துப் பெயர் கூப்பிடும் வழக்கம் அதற்கு இருந்ததில்லை; மாணவன் எழுதிய பாடமோ மறுகணமே உள்ளங்கையால் அழிக்கப்பட்டது. சான்று இல்லாமையைக் கல்வி இல்லாமை எனக் கொள்வது வரலாற்றுநூலார் செய்யத்தகாத பிழையாகும்.

அப்பள்ளியின் அமைப்பை நோக்குவாம். ஆசிரியர் வீட்டுத் திண்ணை, கோயில் மடம், அன்றேல் பனையோலை வேய்ந்து அரைச்சுவர் எழுப்பிய ஒரு கொட்டில். சாணத்தால் மெழுகிய தரை. அதன்மேற் பரப்பிய மணல். விசயதசமியில் ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை அம்மணலில் அகரத்தை எழுதி, எழுதும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லுதல் வேண்டும். எழுத்துத் திருந்திய பின்னரே எழுத்தாணியும் ஓலையும் கைக்கு வரும். பனை நிறைந்த தீவகத்தில் ஓலைக்குக் குறைவிருக்கவில்லை. அரிச்சுவடி முடிய ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என முறையே பாடம் ஏறும். வல்லவர் நிகண்டுவரை செல்வர். எண்சுவடியோ நம் காலத்து மாணவரை அஞ்சச் செய்வது. இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி ஆகிய கீழ்வாய் இலக்கங்களையெல்லாம் மனனஞ் செய்தே கணக்கிட்டனர். பொருளறியாது நெட்டுருப் பண்ணுவித்தனர் என்று இக்காலத்தார் குறைகூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், நெல் அளக்கவும் காணி பிரிக்கவும் தாளும் பேனையும் வேண்டாத ஒருவனை அப்பள்ளி உருவாக்கியது என்பதையும் சொல்லவேண்டும். ஆசிரியருக்குரிய ஊதியம் பெரும்பாலும் நெல்லாகவும் தேங்காயாகவுமே சென்றது.

ஓராசிரியர் பல தரத்துப் பிள்ளைகளை எவ்வாறு மேய்த்தார்? மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். இஃது எளிய வழக்கமெனத் தோன்றினும் கடல்கடந்து சென்ற வழக்கம். சென்னையில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்கென 1789இல் நிறுவப்பட்ட விடுதியின் மேற்பார்வையாளராயிருந்த அந்துரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார். மாணவனைக்கொண்டே மாணவனைக் கற்பித்தார். அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறை ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம்மவர் திண்ணையைக் கண்டு நாணிய காலத்தில் அந்நியர் அதனை ஏற்றுக்கொண்டிருந்தனர்!

அப்பள்ளிகளின் அளவை ஒருவாறு அறியச் சென்னை மாகாணக் கணக்கு உதவும். ஆளுநர் மன்றோ 1822இல் கட்டளையிட்டுத் திரட்டிய தகவல்களின்படி அங்கு 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றனர். வகுத்துப் பார்ப்பின் பள்ளிக்குப் பதினைவர். அவருள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.

ஓரறைப் பள்ளி நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் பிரேரி எனப்படும் மரமற்ற புல்வெளிகளிற் குடியேறியோர், நெபிராசுக்கா போன்ற இடங்களிற் புற்கரணையை வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பியும் பள்ளி கட்டினர். ஒரே ஆசிரியர் எட்டு வகுப்புப் பிள்ளைகளை ஓரறையில் வைத்துப் படிப்பித்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில் இத்தகைய பள்ளிகள் இரண்டு இலட்சத்துக்கு அண்மையில் இருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. 1785ஆம் ஆண்டின் நிலக் கட்டளைச்சட்டம், ஒவ்வோர் ஊர்ப்பிரிவின் முப்பத்தாறு பங்குகளில் ஒரு பங்கைப் பள்ளிக்கென ஒதுக்கியது. அங்கே பள்ளிக்குச் சட்டத்தால் நிலம் கிடைத்தது. இங்கே திண்ணைக்குரியவர் மனம் மாறினால் பள்ளியும் இல்லை.

அமெரிக்க மிசனரிமார் கிராமப் பள்ளிகளைத் தொடங்கியபோது, தொடக்கத்தில் உள்ளூர்ச் சைவ உபாத்தியாயர்களையே பணிக்கமர்த்த நேர்ந்தது. வேறு ஆசிரியர் ஏது? திண்ணையின் உண்மையான மாற்றம் அச்சுப் புத்தகத்தோடு வந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி அச்சிட்டார். படிமுறைப் புத்தகம் வந்ததும் வகுப்புப் பிரிந்தது. வகுப்புப் பிரிந்ததும் ஓரறை போதாதாயிற்று. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றி நன்கொடை முறை பரவியபின், இடாப்பும் பரிசோதகரும் இல்லாத பள்ளி பள்ளியெனவே கணிக்கப்படவில்லை. ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்குமிடத்துக்கு அண்மையில் எழும் புதிய பள்ளிக்கு நன்கொடையை மறுத்த தூர விதிகள், பிந்தித் தொடங்கிய சைவரையும் பௌத்தரையும் பெரிதும் வருத்தின. அவ்விடரைத் தாண்டிச் சைவப் பள்ளிகளைக் கிராமங்களில் நாட்டியது 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம். அதன் முகாமையாளர் ‘இந்துபோட்’ இராசரத்தினத்தின் உழைப்பு அளவிடற்கரியது.

இவ்வளவும் பெருமையோடு எழுதிய கை, அடுத்ததை எழுதத் தயங்குகின்றது. ஓரறையென்றால் எல்லாரும் ஒருங்கிருந்தனர் என்று பொருளன்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணை திறக்கவில்லை. நன்கொடைப் பள்ளிகளில் இடம்பெற்ற பின்னரும், மற்றையோர் வாங்கிலிருக்க அவர் தரையிலிருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டளவிற் சம ஆசனம் வழங்கப் பணிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணப் பகுதியிற் சில பள்ளிகள் தீயிடப்பட்டன. பிறமதத்தார் நமக்கிழைத்த அநீதிகளை விரித்தெழுதும் நாம் இதனை அடிக்குறிப்பாகவேனும் எழுதுவதில்லை. மணலில் அழிந்த பாடத்துக்குச் சான்று தேடுவோமானால், அம்மணலருகே வரவிடப்படாத பிள்ளைக்கும் சான்று தேடவேண்டாவோ? தீவகத்தில் அவர்தம் வழிவந்த முதியோர் இன்றும் உளர். கேட்டு எழுதுவாரைத்தான் காணோம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவிபெறும் பள்ளிகள் அரசுக்குரியனவாயின. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரினாற் தீவக மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் சிலரே. மூடிய பள்ளிகளுட் சில திறக்கப்படவேயில்லை. எஞ்சிய சிறு பள்ளிகளிற் சிலவற்றில், பிள்ளைகள் குறைவாதலால், ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஓரறையில் வைத்துக் கற்பிக்கின்றார். அதற்குப் ‘பல்தரக் கற்பித்தல்’ என்று பெயரிட்டுப் பயிற்சியும் அளிக்கின்றனர். அண்மையில் அத்தகைய வகுப்பொன்றைக் கண்டேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதலாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்து அகரம் எழுதுவித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தனர்.